பிளேடின் மேல் போட்ட பழி

மிதிக்காரருக்குச் சில மாதங்களாகவே தன் கட்டிங் மிஷின்மேல் கோபம். மூக்கின் நுனியில் வந்து உட்கார்ந்துகொண்டு இறங்கவே மாட்டேன் என்கிற கோபம். "பிளேடு மொண்ணையாப் போச்சு" என்று காலையில் ஆரம்பித்தால் சாயங்காலம் பட்டறைக் கதவைச் சாத்தும்வரை அதே பாட்டு. மொண்ணை என்றால் கழற்றிச் சாணை பிடித்துக்கொண்டு வந்து மாட்ட வேண்டியதுதானே என்று யாராவது கேட்டுவிட்டால் மட்டும் மனிதருக்கு அந்த நிமிஷமே வேறு ஏதாவது அவசர வேலை வந்துவிடும்.

பழைய மிஷின் அது. மின்சாரம் கிடையாது, மோட்டார் கிடையாது. ஓர் ஆள் கையை விரித்தால் எட்டுகிற அகலத்துக்கு இரும்பு மேஜை. அதன் ஓரத்தில் அசையாமல் கீழ் பிளேடு. அதற்கு மேலே, ஒரு பக்கம் சற்றுச் சாய்ந்தபடி மேல் பிளேடு. தகட்டை இரண்டுக்கும் நடுவில் நுழைத்து, தரையோரம் நீளவாக்கில் இருக்கும் மிதியைக் காலால் ஓங்கி மிதித்தால், மேல் பிளேடு இறங்கி, கத்தரிக்கோல் மாதிரி ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை வெட்டிக்கொண்டே போகும். காலை எடுத்தால் ஸ்பிரிங் தூக்கிக்கொள்ளும். அவ்வளவுதான் விஷயம். அந்த மிதியை மிதித்து மிதித்தே அவருக்கு மிதிக்காரர் என்று பெயர் வந்தது. பெண்டாட்டி வீட்டு விசேஷத்துக்குப் போனால்கூட, "மிதிக்காரர் சாப்பிட்டாச்சா?" என்றுதான் கேட்பார்கள். அவருக்கும் அதில் ஒரு பெருமை.

பட்டறையில் மொத்தமே இரண்டு பேர். இவரும் இவருடைய சகலையும். சகலை என்றால் மனைவியின் தங்கையைக் கட்டியவர். இவரைவிட வயதில் சின்னவர். வெட்டுவது மிதிக்காரர், மடித்துப் பற்றவைப்பது சகலை. மழைநீர்க் குழாய், காற்றுக் குழாய், புனல், பெட்டி, மூடி என்று தகட்டில் எதைக் கேட்டாலும் செய்து கொடுப்பார்கள். சகலை தூங்குமூஞ்சி. காலையில் அவருடைய மனைவி தண்ணீர் தெளித்தால்தான் எழுந்திருப்பார் என்று சொந்தத்தில் ஒரு கேலி உண்டு. அதனால் பட்டறையின் சாவி எப்போதும் மிதிக்காரரிடம்தான் இருக்கும்.

உண்மையைச் சொல்லிவிட வேண்டியதுதான். பிளேடு மொண்ணையாக இருக்கும்வரை மிதிக்காரரின் கால் நன்றாக இருந்தது.

அவருடைய வலது முட்டி எப்போதோ தகராறு பண்ண ஆரம்பித்துவிட்டது. முன்பெல்லாம் ஒரே மிதியில் போகிற வெட்டு, இப்போது பாதியில் நின்றது. இரண்டாவது முறை மிதித்தார். மூன்றாவது முறை உடம்பின் பாரத்தையெல்லாம் போட்டு மிதித்தார். சாயங்காலமானால் முட்டி வீங்கி, கால்சட்டையை முட்டிக்கு மேல் சுருட்ட முடியாது. வீடு மாடியில். படி ஏறும்போது பாதி வழியில் கரண்டு மீட்டர் பெட்டி இருக்கும். அங்கே நின்று, பெட்டியின் கண்ணாடியைத் துடைத்து, மீட்டர் ஓடுவதை உற்றுப் பார்ப்பார். வலி ஒரு வழியாக அடங்கியதும் மீதிப் படியை ஏறுவார். மீட்டர் எவ்வளவு ஓடியிருக்கிறது என்று அவர் கவனித்ததே இல்லை.

சாணை பிடித்துவிட்டு, அப்புறமும் மிதிக்க முடியாமல் போனால் என்ன செய்வது? யார் மேல் பழியைப் போடுவது? அந்தக் கேள்விதான் அவரைத் தடுத்தது. வேறு வேலை அவருக்குத் தெரியாது. பற்றவைக்கிற புகை ஆகாது, கண்ணும் கூசும். கால் போனால் பட்டறையில் தனக்கு என்ன இடம் என்று யோசிக்கவே பயம். அதனால் யோசிக்க மாட்டார். பிளேடைத் திட்டுவார்.

பிளேடோடு நிறுத்தினாரா? சகலையையும் திட்டினார். சகலை கொஞ்ச நாளாகவே கனத்த தகட்டு வேலை எது வந்தாலும் தட்டிக் கழித்துக்கொண்டிருந்தார். மாவு மில்லுக்காரர் மாவு சறுக்கி இறங்குகிற சரிவுத் தகடு கேட்டு வந்தால், "அந்தத் தகடு இப்ப கிடைக்கிறதில்லைங்க" என்பார். அடுப்புக் கடைக்காரர் வந்தால், "கையில நிறைய வேலை கிடக்கு, வேற இடம் பாருங்க" என்பார். மெல்லிய தகட்டு வேலையாகப் பார்த்து எடுப்பார். மிதிக்காரருக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"அவனுக்கு உடம்பு வளையல. கனத்த தகட்டை மடிக்கச் சோம்பேறித்தனம்" என்று வீட்டில் மனைவியிடம் சொல்வார். "உன் தங்கச்சி செல்லம் குடுத்துக் கெடுத்து வச்சிருக்கா."

"அவரு காரணமில்லாம செய்ய மாட்டாருங்க" என்பார் மனைவி. அதோடு உள்ளே போய்விடுவார்.

இப்படி இருக்கும்போது ஒரு நாள் சகலை சாப்பிடப் போயிருந்த நேரத்தில் பேக்கரிக்காரர் வந்தார். அடுப்புக்குள் வைக்கிற தட்டுகள் வேண்டும், கனத்த தகட்டில் வேண்டும், நிறைய வேண்டும் என்றார். மிதிக்காரர் யோசிக்கவே இல்லை. "பண்ணிடலாம்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

சகலை திரும்பி வந்து விஷயத்தைக் கேட்டதும் முகம் வாடிப்போயிற்று.

"எதுக்குண்ணே ஒத்துக்கிட்டீங்க? அது கனத்த தகடு. மிதிக்கிறது கஷ்டம்."

"உனக்கு மடிக்கிறது கஷ்டம்னு சொல்லு. என் காலை எதுக்கு இழுக்கிற?"

"நான் என்ன சொல்ல வர்றேன்னா..."

"நீ ஒண்ணும் சொல்ல வேணாம். பிளேடு மொண்ணையா இருக்கு, அதான் விஷயம். நாளைக்கே கழட்டிச் சாணை பிடிச்சுட்டு வர்றேன். அதுக்கப்புறமும் என்னால மிதிக்க முடியலைன்னா, இந்தா பாரு, இந்தச் சாவியை உன் கையில குடுத்துட்டு வீட்டுல போய் உக்காந்துக்கிறேன். போதுமா?"

பேச்சு வேகத்தில் சாவியை எடுத்து ஆட்டியும் காட்டிவிட்டார். வாய் சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. சகலை அந்தச் சாவியையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு போய்ப் பற்றவைக்க உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் இருவருமாகச் சேர்ந்து பிளேடுகளைக் கழற்றினார்கள். வருஷக்கணக்காக எண்ணெயும் தூசியும் இறுகிக் கிடந்த போல்ட்டுகள். ஒவ்வொன்றாக முனகிக்கொண்டு வந்தன. மேல் பிளேடு கழன்று விழுந்துவிடாமல் அடியில் மரக்கட்டை கொடுத்து, மெதுவாக இறக்கி, சாக்கில் சுற்றி, கிரைண்டிங் பட்டறைக்குக் கொண்டுபோனார்கள்.

கிரைண்டிங்காரர் பிளேடைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு பிளேடுக்கு நான்கு வெட்டு முனை. ஒன்று மழுங்கினால் திருப்பி மாட்டி அடுத்த முனையில் வெட்டலாம். நான்கும் தேய்ந்தால்தான் சாணைக்கு வரவேண்டும். அவர் கட்டை விரலால் நான்கையும் தடவினார்.

"தேஞ்சிருக்கு, இல்லைங்கல. ஆனா வெட்டாத அளவுக்கு ஒண்ணும் மோசமில்லையே. இன்னும் கொஞ்ச நாள் ஓட்டியிருக்கலாம்."

"உமக்கு என்ன தெரியும்? மிதிக்கிறவனுக்குத்தான் தெரியும்" என்று மிதிக்காரர் வெடுக்கென்று சொன்னார்.

கிரைண்டிங்காரர் சகலையைப் பார்த்தார். சகலை சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்தார்.

பிளேடுகள் திரும்பி வந்தபோது பளபளவென்று இருந்தன. முனையில் நகத்தை வைத்து லேசாக இழுத்தால் சீவிக்கொண்டு வந்தது. சும்மா சொல்லக்கூடாது, கிரைண்டிங்காரர் வேலையைச் சுத்தமாகச் செய்திருந்தார். மிதிக்காரர் நாள் முழுக்க உட்கார்ந்து மாட்டினார். பிளேடு உட்காரும் இடத்தைச் சுரண்டித் துடைத்தார். சாணையில் தேய்ந்து போன உயரத்துக்கு ஈடாக அடியில் மெல்லிய தகட்டுத் துண்டுகளைக் கொடுத்தார். போல்ட்டுகளை நடுவிலிருந்து ஆரம்பித்து இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி இறுக்கினார்.

பிறகுதான் முக்கியமான வேலை. இரண்டு பிளேடுக்கும் நடுவே இடைவெளி வைப்பது. மேல் பிளேடு கீழ் பிளேடை உரசியும் உரசாமலும் இறங்க வேண்டும். உரசினால் முனை உடையும். தள்ளிப் போனால் தகடு வெட்டுப்படாமல் மடிந்து உள்ளே போய் மாட்டிக்கொள்ளும். மேஜையின் இரு கோடியிலும் போல்ட்டுகள் உண்டு. ஒன்றைத் தளர்த்தி மற்றொன்றை இறுக்கினால் கீழ் பிளேடு மேஜையோடு நகரும். ஸ்பானரைக் கால் சுற்றுக்கும் குறைவாகத் திருப்புவார், கையால் மேல் பிளேடை மெதுவாக இறக்குவார், காகிதத்தை வைத்துப் பார்ப்பார். இந்தக் கோடியில் காகிதம் வெட்டுப்படும், அந்தக் கோடியில் மடியும். அங்கே போய் ஒரு திருப்பு. இப்போது அங்கே வெட்டும், நடுவில் மடியும். நடுவில் அடியிலிருக்கும் போல்ட்டைத் திருப்ப மல்லாந்து படுத்து உள்ளே போனார். வெளியே வரும்போது முட்டியை மடக்க முடியாமல், மேஜையின் காலைப் பிடித்துக்கொண்டு, ஒரு காலை நீட்டியபடியே எழுந்தார். சகலை கை கொடுக்க வந்தார். இவர் பார்க்காதது போல் எழுந்துவிட்டார்.

சாயங்காலம் ஒரு முழுக் காகிதத்தை வைத்து இறக்கினார். ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை, எங்கேயும் மடியாமல், எங்கேயும் கிழியாமல், காகிதம் இரண்டாகி விழுந்தது.

"அடேயப்பா, வெண்ணெய் மாதிரி போகுதுண்ணே" என்றார் சகலை.

மிதிக்காரருக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். காகிதத்தின் ஓரத்தை விரலால் தடவிக்கொண்டே நின்றார். கனத்த தகட்டுக்கு அந்த இடைவெளியை இன்னும் கொஞ்சம் கூட்டி வைத்து, அன்றைக்கு வேலையை முடித்தார்.

அடுத்த நாள் காலை வழக்கத்தைவிடச் சீக்கிரமாகவே கதவைத் திறந்தார். சகலை வருவதற்குள் பார்த்துவிட வேண்டும் என்றிருந்தது. பேக்கரிக்காரரின் வேலைக்கு வாங்கி வைத்திருந்த கனத்த தகட்டை எடுத்து நுழைத்தார், கோடு பார்த்தார், காலைத் தூக்கி மிதித்தார். பிளேடு தகட்டைக் கடித்துக்கொண்டு பாதியில் நின்றது. மறுபடி மிதித்தார். முட்டிக்குள் யாரோ ஊசியைச் செருகியது போல் இருந்தது. பிளேடு கொஞ்சம் இறங்கி அங்கேயே நின்றது.

"செட்டிங் சரியில்ல" என்றார், பட்டறையில் யாருமே இல்லாதபோது.

ஸ்பானரை எடுத்தார். அப்போது அவர் செய்ததுதான் வேடிக்கை. வேடிக்கை என்பதா, கொடுமை என்பதா தெரியவில்லை. தகடு கனக்கக் கனக்க இடைவெளியைக் கூட்ட வேண்டும், குறைத்தால் பிளேடு போய்விடும் என்று ஊருக்கே பாடம் சொல்கிறவர் அவர். பிளேடு வாங்கப் போன கடையிலேயே இதைச் சொல்லிச் சண்டை போட்டவர். அந்த மனிதர் இடைவெளியைக் குறைத்தார். மெல்லிய தகட்டுக்கு நெருக்கி வைத்தால் மிதி லேசாக இருக்கும் என்பது அவர் காலுக்குத் தெரியும். அந்த லேசு மட்டும்தான் அவருக்கு அப்போது வேண்டியிருந்தது. இந்தக் கோடியில் ஒரு திருப்பு, அந்தக் கோடியில் ஒரு திருப்பு. மிதித்தார். போகவில்லை. இன்னும் ஒரு திருப்பு. போகவில்லை. பிறகு மேஜையைப் பிடித்துக்கொண்டு, இரண்டு காலாலும் மிதியின் மேல் ஏறிக் குதித்தார்.

'டணார்' என்று ஒரு சத்தம். தகடு வெட்டுப்பட்ட சத்தமில்லை அது. இரும்பு இரும்பைக் கடித்த சத்தம். மிதிக்காரர் மிதியிலிருந்து சறுக்கி, தரையில் உட்கார்ந்துவிட்டார்.

சகலை வந்தபோது அவர் அப்படியேதான் உட்கார்ந்திருந்தார். சகலை முதலில் அவர் காலைப் பார்த்தார், விரலெல்லாம் சரியாக இருக்கிறதா என்று கையைப் பார்த்தார். அப்புறம்தான் பிளேடைப் பார்த்தார். நேற்று மாட்டிய புது முனையில், நடுவில், அரிசி அளவுக்கு ஒரு துண்டு தெறித்துப் போயிருந்தது. இனி அந்த முனையில் எதை வெட்டினாலும் அந்த இடத்தில் பிசிறு நிற்கும்.

"செட்டிங்..." என்று ஆரம்பித்தார் மிதிக்காரர்.

"ஆமாண்ணே, செட்டிங்தான் கொஞ்சம்..." என்றார் சகலை.

அந்தப் பொய்யைச் சகலை எவ்வளவு பிரியமாகச் சொன்னார் என்பது மிதிக்காரருக்கு எட்டியது. இவ்வளவு நாளாக அடக்கி வைத்திருந்ததெல்லாம் அதில்தான் உடைந்தது.

"விடு சகலை. பிளேடு நல்லாத்தான் இருந்துது. கிரைண்டிங்காரன் சொன்னானே. என் காலுதான் போச்சு. எப்பவோ போச்சு." தடுமாறி எழுந்து சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து நீட்டினார். "சொன்ன வார்த்தை சொன்னதுதான். பிடி."

சகலை வாங்கவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு அவரை உட்கார வைத்தார். தானும் எதிரே தகட்டுக் கட்டின் மேல் உட்கார்ந்தார்.

"நான் எதுக்கு இத்தனை நாளா மெல்லிசு தகட்டு வேலையாப் பாத்து எடுத்தேன்னு நினைச்சீங்க?"

மிதிக்காரர் நிமிர்ந்து பார்த்தார்.

"மாவு மில்லுக்காரனைத் திருப்பி அனுப்பினேன். அடுப்புக் கடைக்காரனைத் திருப்பி அனுப்பினேன். என்னைச் சோம்பேறின்னு வீட்டுல சொன்னீங்களாமே, அதுவும் காதுக்கு வந்துது. சரி, சொல்லிட்டுப் போகட்டும்னு இருந்தேன். நீங்க என்னடான்னா பேக்கரிக்காரனைக் கூட்டிட்டு வந்து நடுவீட்டுல உக்கார வச்சிட்டீங்க."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருந்தா கேட்டிருப்பீங்களா? மிதியைத் தூக்கி என் தலையில போட்டிருப்பீங்க."

மிதிக்காரருக்குச் சிரிப்பு வந்தது. அதோடு அழுகையும் வந்தது. இரண்டில் எதை விடுவது என்று தெரியாமல் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"பிளேடை வேற உடைச்சிட்டேன்."

"பிளேடுக்கு நாலு முனை இருக்குண்ணே. ஒண்ணு போனா திருப்பி மாட்டிக்கலாம். முட்டியைத் திருப்பி மாட்ட முடியுமா?"

"சாவியை என்ன பண்றது?"

"உங்ககிட்டயே இருக்கட்டும். எங்கிட்ட குடுத்தா காலையில யாரு வந்து திறக்கிறது? நான் எழுந்திருக்கிற லட்சணம் உங்களுக்குத் தெரியாதா?"

அன்று சாயங்காலம் வீட்டுப் படியில் மீட்டர் பெட்டி அருகே வந்ததும் மிதிக்காரர் வழக்கம்போல் நின்றார். கண்ணாடியைத் துடைக்கவில்லை. அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். மேலே கதவைத் திறந்து எட்டிப் பார்த்த மனைவி, இறங்கி வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"பிளேடுல ஒண்ணும் கோளாறு இல்ல" என்றார் மிதிக்காரர்.

"தெரியும்."

"எப்ப இருந்து தெரியும்?"

"தினமும் நின்னு நின்னு மீட்டர் பாக்குறீங்களே. ஒரு நாளாவது எவ்வளவு ஓடியிருக்குன்னு மேல வந்து சொல்லியிருக்கீங்களா?"

மனைவி அவருடைய முட்டியின் மேல் கையை வைத்துப் பார்த்தார். சூடாக இருந்தது. கொஞ்ச நேரம் கையை எடுக்காமலே இருந்தார். பிறகு, "எந்திரிங்க, நாளைக்கு டாக்டர்கிட்ட போவோம். இன்னைக்கு என் தோளைப் பிடிச்சுக்கிட்டு வாங்க" என்றார். இத்தனை வருஷத்தில் அந்தப் படியை மிதிக்காரர் முதல்முறையாக ஒரு தோளைப் பிடித்துக்கொண்டு ஏறினார்.

டாக்டர் சொன்னதில் புதிதாக ஒன்றுமில்லை. இனிமேல் மிதிக்கவே கூடாது என்றார். அதைக் கேட்டுக்கொண்டு நேராகப் பட்டறைக்குத்தான் வந்தார் மிதிக்காரர். பிளேடைக் கழற்றி அடுத்த முனைக்குத் திருப்பி மாட்டினார்கள். இந்த முறை மல்லாந்து படுத்து உள்ளே போனது சகலை. வெளியே ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு, "கொஞ்சம் தளர்த்து, போதும், போதும்னு சொல்றேன்ல" என்று அதட்டியது மிதிக்காரர். காகிதம் வெட்டிப் பார்த்தார். கனத்த தகட்டுக்கு வேண்டிய இடைவெளியை ஒழுங்காகக் கூட்டி வைத்தார்.

பேக்கரிக்காரரின் தகட்டை எடுத்து நுழைத்து, கோட்டை முனைக்கு நேராகக் கொண்டுவந்து, இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்தார். சகலை பக்கத்தில் வந்து மிதியருகே நின்றார்.

"மிதிக்கட்டுமாண்ணே?"

"ம், மிதி."

மிதிக்காரரின் வலது கால் தானாகத் தூக்கிக்கொண்டது. அதற்குள் சகலையின் கால் மிதியில் இறங்கிவிட்டது. தகடு ஒரே வெட்டில் இரண்டாகி மேஜைக்குப் பின்னால் விழுந்தது. தூக்கிய காலை எங்கே வைப்பது என்று தெரியாமல் மிதிக்காரர் ஒரு கணம் அப்படியே நின்றார். சகலை குனிந்து, விழுந்த தகட்டை எடுப்பது போல் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். மிதிக்காரர் காலை மெதுவாகத் தரையில் வைத்தார்.

"வெட்டு சுத்தமா இருக்கு. அடுத்ததை எடு" என்றார்.